நான்கு குண்டூசிகளும் ஓர் ஒளிக்கதிரும்

வீட்டில் வெண்கலக் கிண்ணம் ஒன்றும், காசு ஒன்றும், ஒரு செம்பு தண்ணீரும் இருந்தால் போதும். பௌதிக சாஸ்திரத்தின் மிகப் பழைய பரிசோதனைகளுள் ஒன்றை இன்று மாலையே செய்து பார்த்துவிடலாம். கிண்ணத்தின் அடியில் காசை வைத்து, அதை நோக்கியபடியே மெல்லப் பின்னால் நகர வேண்டும். கிண்ணத்தின் விளிம்பு காசை மறைக்கும் இடம் வந்ததும் அசையாமல் நின்றுவிட வேண்டும். இப்பொழுது வேறொருவர், காசு நகராதபடி மெதுவாகத் தண்ணீரை ஊற்றட்டும். மறைந்திருந்த காசு தானே மேலெழுந்து வந்ததுபோல் கண்ணுக்குப் புலப்படும். காசு எழவில்லை, கண்ணும் நகரவில்லை. காசிலிருந்து புறப்பட்ட ஒளி, தண்ணீரை விட்டு வெளியேறும் இடத்தில் திசை மாறி, விளிம்பைத் தாண்டி வந்து நம் கண்ணைச் சேர்கிறது, அவ்வளவே.

இதைக் காணும் குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். பெரியவர்கள், "குளத்தின் ஆழம் குறைவாகத் தெரிவதும் இதனால்தான்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைக் கவனிக்கப் போய்விடுவார்கள். அவர்கள் சொல்வது உண்மையே. நேர் மேலிருந்து பார்த்தால் ஆறடித் தண்ணீர் நாலரை அடிபோல் தோன்றும். அதை நம்பிக் காலை விட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால், "ஒளி திரும்புகிறது, சரி, எவ்வளவு திரும்புகிறது?" என்று கேட்பவர் அரியர். அக்கேள்விக்குச் சரியான விடை அச்சேறி உலகறிவதற்கு, அதை முதலில் அளந்து பார்த்த காலத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆயின. அதே விடையை இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் நான்கு குண்டூசிகளைக் கொண்டு ஒரு மணி நேரத்தில் கண்டுவிடுகின்றனர். உண்மையில் கண்டுவிடுகின்றனரா என்பதுதான் நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

பரிசோதனைச் சாலையில் முதற்பாடம் கண்ணாடியில் ஒளி பிரதிபலித்தல். வரைபலகையின்மேல் வெள்ளைக் காகிதத்தை விரித்து, ஒரு கோடு போட்டு, அக்கோட்டின்மீது முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டொன்றை நிறுத்த வேண்டும். கண்ணாடிக்கு முன்னே, சாய்வான நேர்கோடொன்றில் இரண்டு குண்டூசிகள். மறுபக்கத்திலிருந்து கண்ணாடிக்குள் பார்த்தால் அவ்விரண்டின் பிம்பங்களும் தெரியும். ஒரு பிம்பம் மற்றொன்றை மறைக்கும்படி கண்ணை வைத்துக்கொண்டு, அதே வரிசையில் மேலும் இரண்டு ஊசிகளைக் குத்த வேண்டும். பிறகு ஊசிகளை எடுத்துவிட்டுத் துளைகளைக் கோடுகளால் இணைத்தால், ஒளி வந்த வழியும் திரும்பிய வழியும் காகிதத்தில் கிடைத்துவிடும். வந்த கோணமும் திரும்பிய கோணமும் சமம். இது யவனர் காலத்திலேயே தெரிந்த விஷயமாதலால் அதிகம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்: கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால், அதிலிருந்து வரும் ஒளி இரண்டு பாகை திரும்பும். பின்னால் இது நமக்கு உதவும்.

இச்சிறு பரிசோதனையிலும் கவனமில்லாதவன் விழக்கூடிய குழிகள் உண்டு. கண்ணாடியின் ரசம் அதன் பின்புறத்தில் இருப்பதால், காகிதக் கோட்டில் பின்விளிம்பைத்தான் பொருத்த வேண்டும். முன்விளிம்பை வைத்தால் கோடுகள் ஓரிடத்தில் கூடா. ஊசி சற்றே சாய்ந்திருக்கக்கூடுமாதலால் அதன் தலையைப் பார்க்காமல், காகிதத்தில் குத்திய அடியையே பார்க்க வேண்டும். இரண்டு ஊசிகளுக்கும் இடையே நாலு விரற்கடையாவது இடைவெளி இருத்தல் நலம். நெருக்கி வைத்தால் மயிரிழை பிசகும் கோணத்தில் பெரும் பிசகாகிவிடும். இவை எந்தப் பாடப்புத்தகத்திலும் இருப்பவைதாம். ஆயினும் புத்தகத்தில் படிப்பதற்கும், குனிந்து ஒரு கண்ணை மூடி ஊசியடியைத் தேடுவதற்கும் உள்ள தூரம் அதிகம்.

இனி இரண்டாவது பாடம். கண்ணாடித் துண்டுக்குப் பதிலாகச் செங்கல் வடிவமான கனத்த கண்ணாடிப் பாளமொன்றைக் காகிதத்தில் வைத்து, அதைச் சுற்றிப் பென்ஸிலால் கோடிடுவார்கள். ஒரு பக்கத்தில் இரண்டு ஊசிகள். மறுபக்கத்திலிருந்து பாளத்தினூடே பார்த்து, அவற்றோடு ஒரே வரிசையில் தோன்றும்படி இன்னும் இரண்டு ஊசிகள். பாளத்தை எடுத்துவிட்டுக் கோடுகளை இணைத்தால், ஒளிக்கதிர் கண்ணாடிக்குள் நுழையும்போது ஒரு முறையும், வெளியேறும்போது ஒரு முறையும் மடங்கியிருப்பது கண்கூடாகத் தெரியும். நுழையும் இடத்தில் பாளத்தின் முகத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைந்துகொண்டால், வெளியே அக்கோட்டுக்கும் கதிருக்கும் உள்ள கோணம் படுகோணம். உள்ளே இருப்பது விலகுகோணம்.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவு என்ன? 'ஸைன்' என்ற சொல்லைக் கேட்டதும் கணக்கைக் கண்டு அஞ்சுவோர் புத்தகத்தை மூடிவிட வேண்டா. கதிர் நுழைந்த இடத்தை மையமாக வைத்து ஒரு வட்டம் வரையுங்கள். வெளிக்கதிர் வட்டத்தைத் தொடும் புள்ளியிலிருந்து செங்குத்துக் கோட்டுக்கு உள்ள தூரத்தை அடிக்கோலால் அளந்து கொள்ளுங்கள். உட்கதிர் தொடும் புள்ளியிலிருந்தும் அவ்வாறே அளவெடுங்கள். முதல் தூரத்தை இரண்டாவதால் வகுத்தால் வருவது ஓர் எண். கதிரை எவ்வளவு சாய்த்தாலும், எவ்வளவு நிமிர்த்தினாலும், அந்த எண் மாறுவதில்லை. தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5. அப்பொருளின் விலகல் எண் என்று அதற்குப் பெயர்.

மாறுவதில்லை என்றோம். ஆனால் காகிதத்தில் அது மாறும்! இங்கேதான் நமது கதை தொடங்குகிறது.

உதாரணமாக ஒரு மாணவியின் குறிப்பை எடுத்துக்கொள்வோம். படுகோணம் 30 பாகையாக வைத்தபோது விலகுகோணம் 20 என்று அவள் எழுதுகிறாள். 40-க்கு 25, 50-க்கு 30½, 60-க்கு 36. கணக்கிட்டுப் பார்த்தால் விலகல் எண் முறையே 1.46, 1.52, 1.51, 1.47 என்று வருகிறது. நான்கும் நான்கு விதம்! சராசரி 1.49. அவளுக்குப் பக்கத்து மேஜையில் இருக்கும் பையனின் நோட்டிலோ 1.50, 1.50, 1.50, 1.50 என்று முத்துக் கோத்தாற்போல் இருக்கிறது. பையனுக்கு முழு மதிப்பெண். பெண்ணுக்கு இரண்டு குறைவு. இது எங்கோ நடக்கும் விபரீதம் அன்று. உபாத்தியாயர் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி.

அந்தப் பெண்ணின் கணக்கைச் சற்று ஆராய்வோம். பள்ளிக்கூடக் கோணமானியில் அரைப் பாகைக்குக் கீழ் நிச்சயமாகப் படிக்க இயலாது. பென்ஸில் கோட்டின் தடிப்பே அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும். 20 பாகை என்று எழுதிய இடத்தில் உண்மை 19½ ஆக இருந்திருந்தால் எண் 1.50 ஆகும், 20½ ஆக இருந்திருந்தால் 1.43 ஆகும். அரைப் பாகையில் இவ்வளவு மாறுதல்! 36 பாகைக்கு எதிரே அதே அரைப் பாகை பிசகினால், எண் 1.49-க்கும் 1.46-க்கும் இடையில்தான் ஆடும். ஆகவே பெரிய கோணங்களில் எடுத்த அளவுக்கு மதிப்பு அதிகம், சிறிய கோணங்களில் எடுத்ததற்குக் குறைவு என்ற அருமையான உண்மை அவளது ஒழுங்கற்ற எண்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. பையனுடைய நோட்டிலிருந்து தெரிந்துகொள்ளக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: அவன் அளக்கவில்லை. 1.5 என்ற விடையை முதலில் வைத்துக்கொண்டு, கோணங்களைப் பின்னாலிருந்து கணக்குப் பண்ணி எழுதியிருக்கிறான். போன வருஷத்து மாணவனின் ரிகார்டு நோட்டைப் பார்த்து எழுதியிருந்தால் அந்தச் சிரமமும் இல்லை.

அவனை மட்டும் நொந்து பயனில்லை. அவனுக்கு மிகப் பெரிய முன்னோர் ஒருவர் இருக்கிறார்.

கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்து தேசத்து அலெக்ஸாந்திரியா நகரத்தில் வாழ்ந்த தாலமி, வான சாஸ்திரத்திலும் பூகோளத்திலும் புகழ் பெற்றவர். காசும் கிண்ணமும் கொண்டு நாம் மேலே செய்த பரிசோதனை, ஒளியைப் பற்றி அவர் எழுதிய நூலில் வருகிறது. அதோடு அவர் நின்றுவிடவில்லை. வெண்கலத் தட்டொன்றின் விளிம்பில் பாகைகளைக் குறித்து, அதைத் தண்ணீரில் பாதி அமிழ்த்தி, மேலே ஓர் அடையாளமும் கீழே ஓர் அடையாளமும் மையத்தோடு ஒரே கோட்டில் தோன்றும்படி நகர்த்தி, காற்றிலுள்ள கோணத்தையும் நீரிலுள்ள கோணத்தையும் படித்தார். இதற்கு முன் ஒருவர் ஒளிவிலகலை இவ்வாறு அளந்து அட்டவணை எழுதியதாக நமக்குக் கிடைத்த நூல் எதுவும் இல்லை. அந்தப் பெருமை அவருக்கே உரியது.

அவருடைய அட்டவணை இது: காற்றில் 10 பாகைக்கு நீரில் 8, 20-க்கு 15½, 30-க்கு 22½, 40-க்கு 29, 50-க்கு 35, 60-க்கு 40½, 70-க்கு 45½, 80-க்கு 50. வாசகர்கள் ஒரு பென்ஸிலை எடுத்து, அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எழுதிப் பார்க்கட்டும். 8, 7½, 7, 6½, 6, 5½, 5, 4½. ஒவ்வொரு படியிலும் சரியாக அரைப் பாகை குறைந்துகொண்டே வருகிறது! ஒரு பிசகு இல்லை. ஒரு தடுமாற்றம் இல்லை. தண்ணீருக்குப் பதிலாகக் கண்ணாடியை வைத்து அவர் எழுதிய அட்டவணையிலும் இதே அரைப் பாகை வரிசைதான்.

இன்று நமக்குத் தெரிந்த விதிப்படி கணக்கிட்டால் வரவேண்டிய எண்கள் வேறு. 50 பாகைக்கு 35, 60-க்கு 40½ என்று அவர் எழுதியவை மிகச் சரியானவை. அவர் உண்மையிலேயே நீரில் தட்டை அமிழ்த்திப் பார்த்தவர் என்பதற்கு இவையே சாட்சி. ஆனால் 10 பாகைக்கு 7½ வர வேண்டும். அவர் 8 என்கிறார். 80 பாகைக்கு 47½-ஐச் சற்றே தாண்ட வேண்டும். அவர் 50 என்கிறார். இரண்டு பாகைக்கு மேல் பிசகு! அரைப் பாகை வரை படித்த கண் இதைக் காணாமல் இருந்திருக்க முடியாது. நடுவில் சில கோணங்களை நன்றாக அளந்தார். அவற்றில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. மற்றவற்றை அந்த ஒழுங்குக்கு இணங்கச் செய்துவிட்டார். அவரைப் பொய்யர் என்று சொல்ல நமக்கு மனமில்லை. இயற்கை ஒழுங்கானது, ஆகவே எண்களும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று எண்ணினார் போலும். இயற்கையில் ஒழுங்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர் நினைத்த ஒழுங்கு அன்று.

இதனால் விளைந்த தீங்கைக் கேளுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் விட்டெலோ என்ற ஐரோப்பிய அறிஞர் தாலமியின் எண்களை எடுத்துத் தம் பெருநூலில் சேர்த்துக்கொண்டார். அத்துடன், ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது என்ன நேரும் என்றும் அட்டவணை எழுதினார். எப்படி எழுதினார்? அளந்து அன்று, பழைய எண்களைத் திருப்பிப் போட்டு! தண்ணீருக்குள் 48½ பாகையைத் தாண்டிச் சாய்ந்துவிட்ட ஒளி வெளியே வரவே வராது. நீரின் மேற்பரப்பு கண்ணாடி போலாகி, அதை முழுவதும் உள்ளுக்கே திருப்பி அனுப்பிவிடும். விட்டெலோவோ வெளியே வராத ஒளிக்கும் வெளியே கோணம் எழுதி வைத்துவிட்டார். ஒரு நாள், ஒரு தொட்டி, ஒரு விளக்கு இருந்திருந்தால் போதும். அந்தப் பக்கம் எழுதப்பட்டிராது.

1604-ஆம் ஆண்டில் கெப்ளர் ஒளிவிலகலின் விதியைத் தேடி அலைந்தபோது, அவர் கையிலிருந்தவை இந்த அட்டவணைகளே. கிரகங்களின் பாதையைக் கண்ட அந்த மகா கணிதருக்கு இந்த விதி மட்டும் அகப்படவில்லை. வித்தியாசங்கள் இவ்வளவு சீராக இருப்பதைக் கண்டு, யாரோ கைவைத்துத் திருத்திய எண்கள் இவை என்று அவர் சந்தேகித்தார். சந்தேகம் சரியே. ஆனால் திருத்திய எண்களிலிருந்து திருந்தாத உண்மையை மீட்பது கெப்ளராலும் ஆகாத காரியம்.

விதியைக் கண்டவர்களோ ஒருவருக்கொருவர் தெரியாமலே கண்டார்கள். பாக்தாதில் இப்னு ஸஹல் என்பவர் 984-ஆம் ஆண்டையொட்டி, சூரிய ஒளியைக் குவித்து எரிக்கும் கண்ணாடிகளைப் பற்றி எழுதிய நூலில், அதை வடிவ கணித ரூபத்தில் பயன்படுத்தியிருக்கிறார். இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டார், வெளியிடவில்லை. ஹாலந்து தேசத்து லைடன் நகரில் ஸ்நெல் 1621-இல் கண்டார். அவரும் வெளியிடாமலே 1626-இல் காலமானார். 1637-இல் தேக்கார்த் அச்சிட்ட பிறகே உலகம் அறிந்தது. பள்ளிப் புத்தகங்களில் விதிக்கு ஸ்நெல்லின் பெயர் நிலைத்துவிட்டது. பாக்தாத் அறிஞரின் பெயரையும் அதன் பக்கத்தில் அச்சிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்பது நமது அபிப்பிராயம்.

ஒளி ஏன் மடங்க வேண்டும்? கட்டாந்தரையில் ஓடும் வண்டி சாய்வாக மணலில் இறங்கும்போது, முதலில் மணலைத் தொட்ட சக்கரம் தயங்கும், மற்றது பழைய வேகத்திலேயே போகும், வண்டி திரும்பிவிடும். ஒளியும் தண்ணீரில் மெதுவாகத்தான் செல்கிறது. 1850-இல் பாரிஸ் நகரில் பூக்கோ சுழலும் கண்ணாடியொன்றைக் கொண்டு இதைச் சோதித்து நிரூபித்தார். வெற்று வெளியில் விநாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர், நீரில் 2,25,000. முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள், 1.33 வரும்! நான்கு குண்டூசிகளால் ஒரு மாணவி அளப்பது, அவளுக்குத் தெரியாமலே, ஒளியின் வேகத்தையாகும்.

இந்த எண்ணால் குடும்பஸ்தர்களுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். உண்டு. நெய்யில் கலப்படம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் ஒரு துளியை உருக்கி, இரண்டு கண்ணாடிப் பட்டகங்களுக்கு நடுவே வைத்து, ஒளி எந்தக் கோணத்தில் முழுவதும் திரும்பிவிடுகிறது என்று கருவியில் படிக்கிறார்கள். 40 டிகிரி வெப்பத்தில் நல்ல நெய் அந்தக் கருவியின் அளவுகோலில் ஏறக்குறைய 40-லிருந்து 43 வரை காட்டும். தேங்காய் எண்ணெய் 35-ஐ ஒட்டி நிற்கும். நல்லெண்ணெய் 58-க்கு மேல் போகும். ஆனால் சாமர்த்தியசாலி ஒருவன் முக்கால் பங்கு தேங்காய் எண்ணெயும் கால் பங்கு நல்லெண்ணெயும் கலந்தால் 41-ஐ ஒட்டிய எண் வந்துவிடுமே! வரும். ஒரே எண்ணை நம்பி ஏமாறக் கூடாதென்றுதான் சோதனைச் சாலைகளில் ரைகர்ட் எண் முதலிய வேறு சோதனைகளையும் சேர்த்துச் செய்கிறார்கள். எண்ணைப் பொருத்திக் காட்டுவது பள்ளிப் பையனுக்கு மட்டும் தெரிந்த வித்தை அன்று.

கல்லூரிக்குப் போனால் குண்டூசியின் இடத்தில் ஸ்பெக்ட்ராமீட்டர் என்னும் கருவி வந்து அமரும். நடுவில் சுழலும் சிறு மேடை; அதன்மேல் முப்பட்டைக் கண்ணாடி. ஒருபுறம், மெல்லிய பிளவின் வழியாக ஒளியை நேர்கதிராக்கி அனுப்பும் குழாய், மற்றொருபுறம் தொலைநோக்கி. சுற்றிலும் உள்ள வட்டத்தில் பாகையின் சிறு பின்னங்களையும் வெர்னியர் கொண்டு படிக்கலாம். முப்பட்டையின் கூரிய முனையைக் குழாயை நோக்கி வைத்தால் ஒளி இரண்டு முகங்களிலும் பட்டு இரு பக்கமும் பிரதிபலிக்கும். அவ்விரண்டு கதிர்களுக்கும் நடுவே உள்ள கோணம் முனைக் கோணத்தைப் போல இரு மடங்கு. முன்பு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன இரு மடங்கு இங்கே உதவுகிறது. பல பள்ளிகளில் இக்கருவி பூட்டிய அலமாரிக்குள் பட்டுத் துணி போர்த்திப் பத்திரமாக இருக்கிறது. தேய்ந்துபோகாது என்பது உறுதி.

சென்னை ராஜதானிக் கல்லூரியில் (இக்காலத்து மாநிலக் கல்லூரி) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தகைய அலமாரி திறந்தே இருந்தது நாட்டின் பாக்கியம். திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ஆம் தேதி பிறந்த சந்திரசேகர வேங்கடராமன் அங்கே சேர்ந்தார். முப்பட்டையின் கோணத்தை அளப்பது எல்லா மாணாக்கர்களுக்கும் விதிக்கப்பட்ட சாதாரண வேலை. அதைச் செய்யும்போது, ஒளி முப்பட்டையின் முகத்தில் மிகவும் சாய்வாக, ஏறக்குறைய உரசிக்கொண்டு படுமானால், தொலைநோக்கியில் பிம்பத்தின் அருகே கருப்பும் வெளுப்புமான பட்டைகள் தோன்றுவதை அவர் கண்டார். அவை இருபுறமும் ஒத்திருக்கவில்லை; ஒரு பக்கத்துப் பட்டைகளின் அகலம் ஒரு விதம், மறு பக்கத்தவை வேறு விதம். கேட்ட கேள்விக்கு அவை விடையல்ல; கோணத்தைக் குறித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். அவரோ அந்தப் பட்டைகளையே அளக்கத் தொடங்கினார். அதன் பலனாக எழுதிய கட்டுரை லண்டனிலிருந்து வெளிவந்த 'பிலாஸபிகல் மாகஸின்' என்ற புகழ் பெற்ற சஞ்சிகையில் 1906 நவம்பரில் வெளியாயிற்று. ஆசிரியருக்கு வயது 18.

பிரதிபலிக்கும் ஒளியின் கோணத்தைப் பற்றியே இதுவரை பேசினோம். எவ்வளவு ஒளி பிரதிபலிக்கிறது என்பதும் அளக்க வேண்டிய விஷயம். தெப்பக்குளத்தின் படியில் நின்று கால்மாட்டில் பார்த்தால் தண்ணீருக்குள் படிகள் தெரிகின்றன. எதிர்க்கரைப் பக்கம் பார்த்தால் வானமும் மண்டபமும்தாம் தெரிகின்றன. நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கே நீரின் மேற்பரப்பிலிருந்து திரும்புகிறது. 60 பாகைச் சாய்வில் 6 பங்கு. 80 பாகையில் 35 பங்கு. இவற்றுக்கு நடுவே 53 பாகையில் ஓர் அற்புதம் இருக்கிறது. அந்தக் கோணத்தில் திரும்பும் ஒளியின் அதிர்வுகள் யாவும் ஒரே திசையில், நீர்ப்பரப்பை ஒட்டிப் படுக்கையாக அமைந்துவிடுகின்றன. இந்தக் கோணத்துக்கும் விலகல் எண்ணுக்கும் உள்ள நேர்த்தியான உறவை ஸ்காத்லாந்து தேசத்து ப்ரூஸ்டர் 1815-இல் கண்டறிந்தார். ஒன்றை அளந்தால் மற்றது கிடைக்கும். பிரதிபலித்தலும் விலகலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்!

படுக்கையாக அதிரும் ஒளியை மட்டும் தடுக்கும் பளிங்குக் கருவி ஒன்று உண்டு. நிக்கல் பட்டகம் என்று பெயர். சட்டைப் பையில் அடங்கும். 1921-இல் ராமன் இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பும்போது, 'நார்க்கண்டா' என்ற கப்பலில் அதைக் கையோடு வைத்திருந்தார். கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபிம்பமே என்பது அக்காலத்துப் பேரறிஞரான ராலே பிரபுவின் முடிவு. ராலே பிரபு சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி ஏது? ராமன் கப்பலின் மேல்தளத்தில் நின்று, ப்ரூஸ்டர் கோணத்தில் கடலை நோக்கி, பட்டகத்தைத் திருப்பி, பிரதிபலித்த வான ஒளியை அடக்கிவிட்டார். பிரதிபிம்பம் போனால் நீலமும் போக வேண்டும் அல்லவா? போகவில்லை, முன்னைவிடத் தெளிவாகவே துலங்கிற்று. நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோது செப்டம்பர் 26-ஆம் தேதியிட்டு அவர் எழுதிய கடிதம், 'நேச்சர்' சஞ்சிகையில் அவ்வருஷம் நவம்பரில் வெளியாயிற்று. அந்தச் சிதறலைத் தொடர்ந்து ஆராய்ந்ததன் முடிவே, 1928 பிப்ரவரி 28-இல் கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு கண்ட ராமன் விளைவும், 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசும்.

நிக்கல் பட்டகத்துக்கு இப்போது அவசியமில்லை. வெயிலுக்கு அணியும் மூக்குக்கண்ணாடிகளில் 'போலராய்டு' என்று விற்பவை அதே வேலையைச் செய்யும். அதை அணிந்துகொண்டு காலை வேளையில் ஏதேனும் ஒரு குளத்தங்கரைக்குப் போங்கள். பார்வை நீரில் படும் இடம் உங்கள் கண்ணின் உயரத்தைப் போல ஒன்றே கால் மடங்கு தூரத்துக்குச் சற்று அப்பால் இருக்கட்டும். ப்ரூஸ்டரின் 53 பாகை அங்கேதான். வானத்தின் பளபளப்பு மறைந்து, தண்ணீருக்கடியில் பாசி படர்ந்த கல்லும் மீன்களும் தெரியும். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்து, கால் வட்டம் திருப்பி, அதன் வழியே மறுபடியும் அதே இடத்தைப் பாருங்கள்.